அண்ணமார் கதையில் முதல் தப்பு யாருடையது?

சோக நாடகம்னு பேச்செடுத்தா நம்மாளுங்க உடனே ஹேம்லெட், மேக்பெத், ஒதெல்லோன்னு அடுக்க ஆரம்பிச்சிடுவாங்க. கொஞ்சம் விவரமானவங்க கிரேக்கத்துக்குப் போவாங்க. ஈடிபஸ், ஆன்டிகனி, அரிஸ்டாட்டில்னு கச்சேரி களைகட்டும். இஞ்சினியரிங் படிச்ச எனக்கு இதெல்லாம் ப்ளஸ் டூ ஆங்கிலப் புத்தகத்தோட முடிஞ்சு போன சமாச்சாரம். வேலைக்குச் சேர்ந்த பிறகு தானா தேடிப் படிச்சதுதான் மிச்சம். அப்படிப் படிக்கும்போதெல்லாம் ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. விதி, சாபம், முன்கூட்டியே தெரிஞ்ச சாவு, நல்லவன் செய்யற ஒரு பிழை, தடுக்க முடியாம பார்த்துக்கிட்டிருக்கற பெண்கள்... இதையெல்லாம் நான் ஏற்கனவே எங்கேயோ கேட்டிருக்கேனே?

கேட்டது எங்க ஊர்ப்பக்கம்தான். உடுக்கைச் சத்தத்தோட.

திருப்பூர்க்காரங்களுக்கும் ஈரோடு, கரூர்க்காரங்களுக்கும் அண்ணமார் கதையை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மத்தவங்களுக்காகச் சுருக்கமா: பொன்னர், சங்கர்னு ரெண்டு சகோதரர்கள், அவங்க தங்கை தங்காள். வளநாட்டை ஆண்ட வேளாளக் குடும்பம். பங்காளிப் பகை, வேட்டுவர் பகை, கடைசியில் போர்க்களத்தில் அண்ணன்மார் ரெண்டு பேருமே தன் வாளில் தானே விழுந்து சாகறாங்க. மணப்பாறைப் பக்கம் வீரப்பூரில் அந்தப் படுகளம் இருக்கு, மாசி மாசம் பெரிய திருவிழா. கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் அண்ணமார் கோவில் உண்டு. கருணாநிதி இதை ‘பொன்னர் சங்கர்’னு நாவலா எழுதினார். 2011-ல் தியாகராஜன் இயக்கத்தில் பிரசாந்த் ரெட்டை வேடத்தில் படமாவும் வந்துச்சு. படத்தைப் பத்தி இங்கே பேசப் போறதில்லை. :-)

இந்தக் கதையோட முக்கியமான பதிவு ஒண்ணு இன்னைக்குத் திருப்பூர் மாவட்டமா இருக்கற பகுதியில் நடந்ததுங்கறது எங்க ஊர்க்காரங்களிலேயே நிறைய பேருக்குத் தெரியாது. 1960-களின் நடுவில் ஆக்ஸ்ஃபோர்டில் மானிடவியல் படிச்சுக்கிட்டிருந்த பிரெண்டா பெக்னு ஒரு இளம்பெண், காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் இருக்கற ஓலப்பாளையத்தில் வந்து தங்கினாங்க. சந்தையில் காங்கேயம் காளை வாங்கப் போறவங்களுக்குக் கண்ணபுரம் தெரிஞ்சிருக்கும். அதே கண்ணபுரம்தான், பக்கத்து ஊர். அப்ப அது கோவை மாவட்டம். திருப்பூர் தனி மாவட்டம் ஆனதே 2009-லதான். அங்கே 1965-ல் ராமசாமிங்கற உடுக்கடிப் பாடகரும் அவர் கூடப் பாடின பழனிச்சாமியும் பல ராத்திரிகள் உட்கார்ந்து பாடின முழுக்கதையை பெக் டேப்பில் பதிவு செஞ்சாங்க. மொத்தம் ஏறக்குறைய 38 மணி நேரம். கிட்டத்தட்ட பதினஞ்சு தமிழ்ப் படம் ஓடற நேரம்.

பெக் 1982-ல் இதைப் பத்தி ஒரு ஆய்வு நூல் போட்டாங்க. தலைப்பைத் தமிழில் சொன்னா ‘மூன்று இரட்டையர்’. முதல்ல படிக்கும்போது எண்ணிக்கை இடிக்குதேன்னுதான் தோணும். இரட்டையர்னா ரெண்டு பேருதானே? மூணாவது ஆள் தங்காள். தலைப்பிலேயே ஒரு விமர்சனத்தை ஒளிச்சு வச்சிருக்காங்க. அதுக்குக் கடைசியில் வர்றேன். 1971-லேயே சக்திக்கனல் ‘அண்ணன்மார் சுவாமி கதை’யைப் பதிப்பிச்சு அச்சில் கொண்டு வந்துட்டார். 1992-ல் பெக்கோட தமிழ் – ஆங்கில இருமொழிப் பதிப்பும் வந்துச்சு. படிக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு வழி இருக்கு.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கதையைக் கேட்டவங்ககிட்ட, “எதுக்காகப்பா அண்ணன்மார் செத்தாங்க?”ன்னு கேட்டுப் பாருங்க. ஒருத்தர் தலையூர்க் காளி பேரைச் சொல்வார். ஒருத்தர் பங்காளிங்க சதின்னு சொல்வார். ரொம்பப் பேர், “பதினாறு வயசுதான்னு ஈஸ்வரன் எழுதிட்டாருங்க”ன்னு முடிச்சுக்குவாங்க. ஆனா கதையோட ஆரம்பத்துக்குப் போனா அங்கே வேட்டுவரும் இல்லை, பொன்னரும் இல்லை, சங்கரும் இல்லை. அங்கே இருக்கறது ஒரு வேலி.

ராமசாமி பாடின கதை ரெண்டு தலைமுறைக்கு முன்னால, தாத்தா கோளாத்தாக் கவுண்டர்கிட்ட தொடங்குது. காட்டைத் திருத்தி வயலாக்கின முதல் உழவர். பயிரை மாடு மேயக் கூடாதுன்னு கூர்கூரா இரும்பு முள் வச்சு ஒரு வேலி போடறார். பசிச்சு வந்த பசுக்கள் வேலியைத் தாண்டப் பார்த்து, அதில் குத்துப்பட்டுச் சாகுது. செத்த பசுக்கள் சிவன்கிட்டப் போய் முறையிடுது. அந்த வம்சத்துக்கே பிள்ளைவரம் இல்லைன்னு சாபம் விழுது. அதுக்கப்புறம் கோளாத்தாவுக்குக் கிடைக்கற மகன் குன்னுடையான், பெத்த பிள்ளையே இல்லை. பாறைக்கடியில் கண்டெடுத்த பிள்ளை.

காங்கேயத்துப் பக்கம் கொறங்காட்டைப் பார்த்திருக்கீங்களா? மானாவாரி மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல்லு, நடுநடுவே வெள்வேல மரம், நாலு பக்கமும் முள்கிளுவையில் உயிர்வேலி. மாடு உள்ளேயே மேஞ்சுக்கிட்டு உள்ளேயே நிக்கும். வேலியோட வேலை அங்கே மாட்டைத் துரத்தறது இல்லை, மாட்டைப் பாதுகாக்கறது. தலைமுறை தலைமுறையா இப்படி வேலி கட்டி மாடு வளர்த்த ஊரில் உட்கார்ந்து ஒருத்தர், “இரும்பு முள்ளுல வேலி போட்டாருங்க, பசு குத்துப்பட்டுச் செத்துப் போச்சுங்க”ன்னு பாடினா, கேக்கறவங்களுக்கு வயிறு எப்படிக் கலங்கியிருக்கும்? இது என்னோட ஊகம்தான், எந்தப் புத்தகத்திலும் நான் படிச்சதில்லை. ஆனா அந்த மண்ணைத் தெரிஞ்சவங்க யாரும் மறுக்க மாட்டாங்கன்னு நினைக்கறேன்.

அரிஸ்டாட்டில் சோக நாயகனுக்கு ஒரு பிழை வேணும்னு சொல்றார். அவன் கெட்டவனா இருக்கக் கூடாது, ஆனா அவன் செய்யற ஏதோ ஒண்ணு அவனைக் கீழே தள்ளணும். நம்ம கதை இதை இன்னும் கொஞ்சம் கொடூரமாச் செய்யுது. பிழை செஞ்சவர் ஒருத்தர், விழறது பேரனுங்க. அதுவும் அந்தப் பிழை என்ன? தன் வெள்ளாமையைக் காப்பாத்தினது. எந்த விவசாயிகிட்டக் கேட்டாலும் அது தப்பே இல்லைன்னுதான் சொல்வார்!

இதைக் கேக்கும்போது எனக்கு ஒரத்துப்பாளையம் அணை ஞாபகம் வர்றதைத் தடுக்க முடியலை. நொய்யல் தண்ணியை வயலுக்கு விடலாம்னு கட்டி 1992-ல் திறந்தாங்க. வந்து தேங்கினது எங்க ஊர்ச் சாயத்தண்ணி. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற வரைக்கும் போச்சு. பனியன் தொழில் தொடங்கினவங்க யாரும் ஆத்தைக் கொல்லணும்னு கிளம்பலை. பிழைப்புக்கு வழி பார்த்தாங்க, அவ்வளவுதான். கோளாத்தாவும் அப்படித்தான்.

அடுத்தது அந்தப் பதினாறு.

குன்னுடையான் மனைவி தாமரை பிள்ளை வேணும்னு கைலாசம் போய் இருபத்தியோரு வருஷம் தவம் இருக்கா. சிவன் அவளைச் சாகடிச்சு, மறுபடி எழுப்பி, மறுபடி சாகடிச்சு, ஏழு தடவை சோதிக்கறார். கடைசியில் வரம் கிடைக்குது. ரெண்டு ஆண், ஒரு பெண். ஆண்பிள்ளைகளுக்கு ஆயுசு பதினாறு. அவ்வளவுதான்.

கேக்கற எல்லாருக்கும் இந்தப் பதினாறு ஏற்கனவே தெரிஞ்ச நம்பர். மார்க்கண்டேயன்! அவனுக்கும் பதினாறுதான். ஆனா எமன் பாசக்கயிறு போட்டப்ப சிவனே இறங்கி வந்து காப்பாத்தினார் இல்லையா? அந்தக் கதை தெரிஞ்ச மனசு இங்கேயும் ஒரு ஓரத்தில் நம்பிக்கிட்டே இருக்கும். அதே சிவன்தானே, அதே பதினாறுதானே, கடைசி நிமிஷத்துல வந்துடுவாரோன்னு. வர மாட்டார். அதுக்குப் பதிலா மாயவர் விடற ஒரு அம்புதான் வரும். சங்கர் மேல அது பட்டதும் அவனுக்குப் புரிஞ்சு போகுது, நேரம் முடிஞ்சுதுன்னு. எதிரி யாரும் அவனைக் கொல்லலை. தன் வாளை நட்டு அதில் தானே விழறான். பொன்னரும் அப்படியே. தெரிஞ்ச கதையோட எதிர்பார்ப்பை மூட்டி விட்டு, அதை நிறைவேத்தாம விடற இந்த உத்தியை ஏதாவது ஐரோப்பிய நாடகத்தில் பார்த்திருந்தா நாம பக்கம் பக்கமா எழுதியிருப்போம்.

ஈடிபஸ் கதையோட ஒப்பிட்டா ஒரு பெரிய வித்தியாசம் தெரியும். அங்கே விதி என்னன்னு தெரிஞ்சதும் எல்லாரும் அதுலேர்ந்து தப்பிச்சு ஓடறாங்க, ஓடற பாதையே விதிக்குள்ள கொண்டு போய்ச் சேர்க்குது. இங்கே யாரும் ஓடலை. தாமரை அந்த வயசைக் கேட்டு வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வர்றா. பிள்ளைங்க பிறந்த நாள்லேர்ந்து அவங்க சாவோடதான் அவ குடித்தனம் நடத்தறா. பங்காளிங்ககிட்டேர்ந்து குழந்தைகளை ஒளிச்சு வளர்க்கறா. எதுக்கு? பதினாறு வருஷத்தையாவது முழுசா வாழட்டும்னுதான்.

பாடற முறையே இந்தத் தெரிஞ்ச முடிவுக்குத் தோதா அமைஞ்சிருக்கு. முதல்ல பேச்சா ஒரு சம்பவத்தைச் சொல்வாங்க, அப்புறம் அதையே உடுக்கை அடிச்சுப் பாட்டாப் பாடுவாங்க. கூட இருக்கறவர் பின்பாட்டு எடுப்பார். ஆக ஒவ்வொரு சம்பவமும் ரெண்டு தடவை நடக்குது. முதல் தடவை சேதி, ரெண்டாவது தடவை துக்கம். “அப்புறம் என்னாச்சு?”ங்கற ஆர்வம் பேச்சிலேயே தீர்ந்துடும். பாட்டு வரும்போது நமக்குச் செய்யறதுக்கு ஒண்ணுமே மிச்சமில்லை, அழறதைத் தவிர. கிரேக்க நாடகத்துக் கோரஸ் வேலையையும் அந்தப் பின்பாட்டுக்காரர் ஒத்தை ஆளாச் செஞ்சுடறார்.

கதாபாத்திரங்கள்ல பொன்னர், சங்கர் ரெண்டு பேரையும் தனித்தனி ஆளாவே எனக்குப் பார்க்கத் தெரியலை. ஒரே மனுஷனைப் பாதியா வெட்டின மாதிரி இருக்காங்க. மூத்தவர் பொறுமை, உழவு, நிதானம். இளையவர் கோபம், வாள், அவசரம். மேக்பெத் மனசுக்குள்ளே நடக்கற சண்டையை இங்கே ரெண்டு உடம்பா நிறுத்திடறாங்க. ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகுது, ஆனா மனைவிமாரோடு வாழ்க்கையே கிடையாது. சாமியாகப் போற வீரனுக்கு அந்தச் சக்தி சிதறக் கூடாதுன்னு இதுக்கு விளக்கம் சொல்வாங்க. சொல்லட்டும்.

கொம்பன்ங்கற ராட்சசக் காட்டுப்பன்றி கதை எல்லாருக்கும் பிடிச்ச பகுதி, அதனால சீக்கிரமாத் தாண்டிடறேன். ஒண்ணு மட்டும். பன்றி வேட்டைக்குப் போகும்போது பொன்னாச்சிங்கற குட்டி நாயை, இதெல்லாம் எதுக்குன்னு விட்டுட்டுப் போயிடறாங்க. அவமானப்பட்ட நாய் சாபம் விட, வேட்டைக்குப் போன படையே நோயில் படுத்துடுது. கடைசியில் அந்த நாய் வந்தாத்தான் பன்றி சாகுது. வீரன் சங்கர் ஒரு குட்டி நாய்கிட்ட இறங்கிப் போக வேண்டியிருக்கு. அதேபோல படைக்குத் துணையா எப்பவும் முன்னால நிக்கறவன் சாம்புவன், பறையர் குலத்து வீரன். அண்ணன்மார் சாகும்போது அவனும் கூடச் சாகறான். கோவில்ல பாருங்க, பல இடங்கள்ல அவன் சிலை எங்கே நிக்குதுன்னு. கதை அவனுக்குக் கொடுத்த இடத்தை எல்லா ஊரும் கொடுக்கலை.

இப்ப வேட்டுவர். இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படற இடம்.

தங்காள் ஒரு ஜோடிக் கிளி கேக்கறா. அண்ணன்மார் அதுக்காக வேட்டுவர் காட்டுக்குள்ளே போய்க் கிளியைப் பிடிக்கறாங்க. ஜோடி பிரிஞ்சு போகுது. கிளி யாரோடது? அந்தக் காட்டுக்காரங்களோடது. அவங்க கோபப்பட்டு அனுப்பற பன்றி உழவர் வயலை அழிக்குது. உழவர் பன்றியைக் கொல்றாங்க. அப்படியே போருக்குப் போகுது. நிதானமா யோசிச்சா ஆரம்பிச்சு வச்சது யார்? தாத்தா போட்ட வேலிக்கு அந்தப் பக்கம் பசு, பேரன்கள் போன காட்டுக்குள்ளே கிளி. ரெண்டு தடவையும் உழவன்தான் எல்லைக் கோட்டைக் கிழிக்கறான், ரெண்டு தடவையும் எதிர்ப்பக்கம் இருக்கற உயிருக்குத்தான் அடி. கோளாத்தா வேலியையும் தங்காள் கிளியையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பார்த்தா ஒரே அச்சு. இது தற்செயலா அமைஞ்சதுன்னு என்னால நம்ப முடியலை.

பாடினவர் உழவர் பக்கத்து ஆள், கேட்டவங்கள்ல பாதிப்பேர் உழவர். அவங்களுக்காகப் பாடற கதையே அவங்க முன்னோர் செஞ்சதை மறைக்கலை. எதிரிக்கு நியாயமான ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துட்டுத்தான் எதிரியாக்குது. வேட்டுவக் கவுண்டர்கள் இந்தக் கதையை இப்படியே ஏத்துக்கறதில்லை, அவங்க பக்கம் தலையூர்க் காளி வேற ஆள். அதையும் சேர்த்துக் கேட்டாத்தான் கதை முழுசாகும். ஆனா இப்பல்லாம் போஸ்டர்ல, பிளக்ஸ் பேனர்ல வர்ற அண்ணன்மார் யாரு? குதிரை, வாள், முறுக்கு மீசை, வெற்றி வீரர்கள். எங்க சாதி, எங்க வீரம். வேலி எங்கேன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. கிளி எங்கே? அது ஏதோ குழந்தைக் கதைங்க. இவங்க ஜெயிச்ச கதை இல்லைங்க இது. தோத்த கதை. தோத்ததுக்குக் காரணத்தைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடற கதை. அந்தத் தேடலை எடுத்துட்டா மிஞ்சறது ஒரு சாதி மாநாட்டு வரவேற்புரை மட்டும்தான்.

கொஞ்சம் சூடாயிட்டேனோ? போகட்டும், தங்காள்கிட்ட வர்றேன்.

கதையில் எல்லாத்தையும் முன்னாடியே தெரிஞ்சுக்கறவ அவ. கனவு காண்றா, எச்சரிக்கிறா, ஓலை அனுப்பறா. பொன்னாச்சி விஷயத்தில் அண்ணன்மார் செஞ்ச தப்பைச் சொல்லித் திருத்தினதும் அவதான். அவளைக் கேட்டு நடந்தப்ப ஜெயிச்சாங்க. ஆனா அதே தங்காள்தான் கிளியும் கேட்டவ. எல்லாம் தெரிஞ்சவளோட சின்ன ஆசைதான் பெரிய நெருப்புக்கு முதல் பொறி. பெக் தலைப்பில் அவளையும் இரட்டையர் கணக்கில் சேர்த்தது இதனாலதான்னு நான் புரிஞ்சுக்கறேன். பொன்னரும் சங்கரும் ஒரு ஆளோட ரெண்டு பாதின்னா, அந்த ஆளோட அறிவு இவ. உடம்புக்கு வெளியே, அரண்மனையில், அனுப்பின ஓலைக்குப் பதில் வருமான்னு காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு அந்த அறிவு.

அண்ணன்மார் செத்த பிறகு கதை முடியறதில்லை. ஷேக்ஸ்பியரா இருந்தா பிணங்களைத் தூக்கிட்டுப் போறதோட திரை விழுந்திருக்கும். இங்கே அதுக்கப்புறம்தான் தங்காள் கதை ஆரம்பிக்குது. அண்ணிமார் ரெண்டு பேரையும் அரண்மனையோட வச்சுத் தீக்கொளுத்திடறா. அப்புறம் காடு மேடெல்லாம் அழுதுக்கிட்டே போய்ப் படுகளத்தைக் கண்டுபிடிச்சு, அண்ணன்மாரை உயிரோட எழுப்பறா. எழுந்தவங்க கொஞ்ச நேரம் தங்கச்சிகிட்டப் பேசறாங்க. அப்புறம், எங்க காலம் முடிஞ்சுதும்மான்னு மறுபடியும் படுத்துடறாங்க. எழுப்பற சக்தி அவளுக்கு இருக்கு, இருக்க வைக்கற சக்திதான் இல்லை.

திருவிழாப் படுகளத்தில் இதைக் கொஞ்சம் மாத்திடுவாங்க. வீரர்களா அருள் வந்தவங்க மண்ணில் விழுந்து அசையாமக் கிடப்பாங்க. தண்ணி தெளிச்சு எழுப்பினதும் எழுந்துடுவாங்க. கதையில் சாவு ஜெயிக்குது, கோவில்ல உயிர் ஜெயிக்குது. ரெண்டையும் ஒரே ஊர், ஒரே ஜனம், எந்த முரண்பாடும் தெரியாம வச்சுக்கிட்டிருக்கு.

எங்க அம்மிச்சிக்கு இந்தக் கதை முழுக்க மனப்பாடம். படுகளத்துக்கு அழும், கொம்பனுக்குச் சிரிக்கும். அண்ணிமார் தீயில் வேகற இடம் வந்தா மட்டும் எந்திரிச்சு வெளியே போயிரும். ஒருக்கா நான் கேட்டேன், ஏன் அம்மிச்சி, கதைதானேன்னு.

“அந்தப் புள்ளைக ரெண்டும் என்ன கண்ணு பண்ணுச்சுக? வேலியும் போடுல, கிளியும் கேக்குல. கல்லாட்டம் ஒரு ஊட்டுக்குள்ள இருந்துதுக. அதுகளையும்ல எரிச்சுப்புட்டாங்க” அப்படின்னுச்சு.

அந்த ரெண்டு பெண்களுக்குக் கதையில் பேச்சு ரொம்பக் குறைவு. அவங்க பக்கத்திலிருந்து இந்தக் கதையை யாராவது எழுதியிருந்தா சொல்லுங்க, படிக்கணும்.